இருதயம் நின்றது என்பது காரணம் ஆகுமா?

இறப்புச் சான்றிதழ் என்றால் நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது பேங்க், இன்ஷூரன்ஸ், குடும்பப் பென்ஷன், வாரிசு சர்டிபிகேட் ஆகியவைதான். எல்லாம் பெரியவர்கள் சம்பந்தப்பட்ட விவகாரம். நாலு மாதக் குழந்தை இறந்துபோனால் அதன் பேரில் பாஸ் புத்தகமும் கிடையாது, வீடு நிலமும் கிடையாது. ஆகவே அந்தக் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. துக்கத்தில் இருக்கும் தகப்பன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறான், மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறான், அதோடு சரி. இப்படி யாரும் படிக்காத காகிதத்தைத்தான் மற்ற எல்லாக் காகிதங்களையும்விடக் கவனமாக எழுத வேண்டும் என்று சொல்ல வருகிறேன். அதிலும் பிறவியிலேயே குரோமோசோம் கோளாறோடு பிறந்து சில மாதங்களிலோ சில வருடங்களிலோ மறைந்துவிடும் குழந்தைகளின் விஷயத்தில்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பகுதியில் காலம் கழித்தவன். ஆனால் ‘காரணம்’ என்ற சொல்லை எப்படி எழுத வேண்டும் என்பதில் எனக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள், இருக்கின்றன என்பதே 1956-ல்தான் உறுதியாயிற்று. 1959-ல் பிரான்ஸ் நாட்டில் லெஜூன் என்பவரும் அவருடைய சகாக்களும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 18-ம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோமும், 13-ம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் பட்டாவ் சிண்ட்ரோமும் தெரிய வந்தன. டவுன் ஓரளவு பரவலாகக் காணப்படுவது. நம் எல்லோருக்கும் அப்படி ஒரு பிள்ளையைத் தெரிந்திருக்கும். எட்வர்ட்ஸ் அபூர்வம். உயிரோடு பிறக்கும் 5,000, 6,000 குழந்தைகளில் ஒன்று என்று கணக்கு. பட்டாவ் அதைவிட அபூர்வம். இந்த இரண்டிலும் முதல் பிறந்த நாளைத் தாண்டும் குழந்தைகள் மிகச் சிலவே. ரத்தம் எடுத்து ‘கேரியோடைப்’ என்ற சோதனை செய்தால்தான் இவை உறுதியாகும். அந்த ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இந்தத் தாமதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பாதி வில்லங்கம் இதில்தான் இருக்கிறது.

இனி காகிதத்துக்கு வருவோம். காகிதம் ஒன்றல்ல, இரண்டு. நகராட்சியோ மாநகராட்சியோ நமக்குத் தரும் இறப்புச் சான்றிதழில் பெயர், தேதி, இடம் எல்லாம் இருக்கும். எதனால் இறந்தார் என்பது இராது. அது இருப்பது இன்னொரு காகிதத்தில். ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் ‘படிவம் 4’ என்ற ஒன்றை நிரப்பிப் பதிவாளருக்கு அனுப்புவார். வீட்டில் இறந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் நிரப்ப வேண்டியது ‘படிவம் 4ஏ’. 1969-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் வருபவை இவை. நம்மில் பலர் இந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் படிவத்தின் அமைப்பை நான் மெச்சுகிறேன். முதல் பகுதியில் அ, ஆ, இ என்று மூன்று வரிகள். முதல் வரியில் கடைசியாக உயிரைப் பறித்த நோய். இரண்டாவது வரியில் அந்த நோய் எதனால் வந்தது என்பது. மூன்றாவது வரியில் அதற்கும் அடியில் கிடப்பது எது என்பது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது ஆரம்பித்து எத்தனை நாள் ஆயிற்று என்று எழுத ஒரு கட்டம். இரண்டாம் பகுதியில், நேரே சங்கிலியில் சேராவிட்டாலும் மரணத்துக்குத் துணைபோன மற்ற நோய்கள். இருதயம் நின்றது, மூச்சு நின்றது என்று சாகும் விதத்தை மட்டும் எழுதக் கூடாது என்பதும் விதி. இருதயம் நிற்காமல் செத்தவர் உலகத்தில் யார்?

ரயில்வேயில் வண்டி தடம் புரண்டால் விசாரணை நடக்கும். பெரிய விபத்து என்றால் ரயில்வே பாதுகாப்பு கமிஷனர் வருவார். அவர் ரயில்வே போர்டுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருப்பவர். நம் தவறை நாமே பூசி மெழுகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அவர் முன்னால் போய், ‘வண்டி ஏன் கவிழ்ந்தது?’ என்ற கேள்விக்கு, ‘சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கியது சார்’ என்று ஒரு இன்ஸ்பெக்டர் பதில் சொன்னால் என்ன ஆகும்? சக்கரம் ஏன் இறங்கியது? தண்டவாளம் உடைந்திருந்தது. ஏன் உடைந்தது? வெல்டிங்கில் பழைய கீறல் இருந்தது, மார்கழிக் குளிரில் தண்டவாளம் சுருங்கி இழுத்தபோது விட்டுக்கொடுத்தது. அந்தக் கீறல் அல்ட்ராசோனிக் சோதனையில் ஏன் அகப்படவில்லை? இப்படித் தோண்டிக்கொண்டே போனால்தான் அடுத்த வெல்டிங்கைக் காப்பாற்ற முடியும். படிவம் 4-ன் மூன்று வரிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நிரப்புகிறவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டால், ‘சக்கரம் இறங்கியது’ என்று எழுதினதுபோல் ஆகும்.

நடந்த ஒரு விஷயம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கல்யாணில் குடியிருக்கும் ஒரு தம்பதியின் முதல் குழந்தை. வழக்கம்போல் தலைப்பிரசவம் ஊரில், தாய் வீட்டில். குழந்தையின் கைவிரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கி இறுகியிருந்தன, தாடை சிறியது, பால் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை. அங்கேயிருந்த டாக்டர் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். ரிசல்ட் வருவதற்குள் தாயும் பிள்ளையும் இங்கே வந்துவிட்டார்கள். ரிப்போர்ட் தாத்தா வீட்டுக்குத் தபாலில் போயிற்று. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. முக்கியமான காகிதம் என்று டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்தார். நாலாம் மாதம், 2018-ல், குழந்தை இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தது. அவர்கள் கொடுத்த சீட்டில் இருந்தது இரண்டே வரி: இருதயமும் சுவாசமும் நின்றன, காரணம் பால் நுரையீரலுக்குள் போனதால் வந்த நிமோனியா.

மருத்துவப்படி அந்த இரண்டு வரியும் பொய்யல்ல. ஆனால் அதை வீட்டில் எப்படிப் படித்தார்கள் தெரியுமா? ‘பால் புரையேறிச் செத்துப்போச்சு. படுத்துக்கிட்டே கொடுத்திருப்பா.’ மாமியார் சொன்னார், நாத்தனார் சொன்னார், ஊருக்குப் போனால் அடுத்த வீட்டுக்காரியும் சொன்னாள். மூன்று வருஷம் அந்தப் பெண் இந்தப் பேச்சோடு வாழ்ந்தாள். 2021-ல் தாத்தா வீட்டு ஓடு மாற்றும்போது பெட்டியை ஒழித்தார்கள், காகிதம் அகப்பட்டது. தகப்பன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ‘அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பிள்ளைக்கு ஊசி போட்ட கணக்கா இருக்கும்னு மாமா சொல்றாரு’ என்றார். படித்தேன். 47 குரோமோசோம், 18-ம் எண் மூன்று.

எட்வர்ட்ஸ் குழந்தைகளுக்குப் பால் இழுக்கவும் விழுங்கவும் தெம்பு இராது. யார் கொடுத்தாலும், எப்படிக் கொடுத்தாலும் புரையேறும். மூன்றாவது வரியில் இந்த ஒரு பெயர் இருந்திருந்தால் முதல் வரி ஒரு தாயின் மேல் சாட்டிய குற்றமாக மாறியிராது. பிறகு ஒரு மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போனோம். இந்த வகையில் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான், கர்ப்பத்திலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றார். அவர்களோ பயந்துபோய் இன்னொரு பிள்ளையே வேண்டாம் என்று இருந்தவர்கள். 2023-ல் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது.

அந்த ராத்திரி டியூட்டி டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் அவர் கையில் இல்லை. ஆனால் மடங்கிய விரல்களும் சிறிய தாடையும் அவர் கண்ணெதிரே இருந்தன. ‘பிறவிக் குரோமோசோம் கோளாறாக இருக்கலாம், ரிசல்ட் தெரியவில்லை’ என்று எழுத எந்த விதியும் தடை செய்யவில்லை. மற்றொன்று, ‘இதற்குமுன் ஏதாவது ரத்தப் பரிசோதனை செய்தீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு மராத்தி வராது, இந்தி அரைகுறை. கேட்டிருந்தாலும் பதில் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது வேறு விஷயம். வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது தனிச் சங்கடம். பிரசவம் ஒரு மாநிலம், வைத்தியம் ஒரு மாநிலம், காகிதம் ஒரு மாநிலம். சட்டப்படி மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஊர் டாக்டருக்குத் தெரிந்தது இங்கேயுள்ள பதிவேட்டில் தானாக ஏறாது.

இது ஒரு பக்கத்துத் தவறு. இன்னொரு பக்கத்துத் தவறும் உண்டு, அது எனக்கு இன்னும் கோபத்தைத் தருவது. கோளாறின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவது. ‘டவுன் சிண்ட்ரோம்’ என்று ஒரே வரி. டவுன் என்பது ஒருவரை ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை கொன்றுவிடும் நோயா? அதோடு பிறப்பவர்களில் பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஆபரேஷன் உண்டு, குழந்தையாக இருக்கும்போதே செய்ய வேண்டும். சரியான வைத்தியம் கிடைத்தால் ஐம்பது அறுபது வயதுவரை வாழ்பவர்கள் அவர்கள். எட்டு வயதுப் பையன் இறந்துபோனான், படிவத்தில் ‘டவுன்’ என்று மட்டும் இருக்கிறது என்றால், ஆபரேஷன் ஏன் நடக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். நிமோனியாவுக்கு ஏன் தாமதமாகச் சேர்த்தார்கள் என்றும் கேட்க மாட்டார்கள். ‘அந்த மாதிரிப் பிள்ளைதானே’ என்ற நம் ஊர்ப் பேச்சை அரசாங்கப் படிவத்தில் எழுதி முத்திரை குத்தியது போல் ஆகிவிடும். கீழ் வரி இல்லாத படிவம் தாயைக் குற்றவாளி ஆக்குகிறது. மேல் வரி இல்லாத படிவம் தப்புச் செய்தவர் யாராக இருந்தாலும் விடுதலை செய்துவிடுகிறது.

ஆகவே இரண்டும் வேண்டும் என்கிறேன். அ: நிமோனியா, 5 நாள். ஆ: இருதயத் தடுப்பில் ஓட்டை, பிறவி முதல். இ: எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம், கேரியோடைப்பில் உறுதி, பிறவி முதல். இவ்வளவுதான். எழுத இரண்டு நிமிஷம் ஆகுமா?

போன உயிர் போயிற்று, இந்த எழுத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1968 முதல் 1997 வரையிலான இறப்புச் சான்றிதழ்களில் ‘டவுன்’ என்ற பெயர் எந்த வரியில் இருந்தாலும் எடுத்துச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 1968-ல் இறந்தவர்களின் நடு வயது 1. 1997-ல் அது 49. வைத்தியம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. அதே 1997-ல் வெள்ளையர்களுக்கு நடு வயது 50, கறுப்பர்களுக்கு 25, மற்ற இனத்தாருக்கு 11 என்று வந்தது. ஒரே நாடு, ஒரே குரோமோசோம், இவ்வளவு வித்தியாசம். டாக்டர்கள் அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் இந்த அநியாயம் யார் கண்ணுக்கும் பட்டிராது.

நம் நாட்டில் அப்படி ஒரு கணக்குப் போட முடியுமா? 2020-ல் பதிவான மரணங்களில், காரணம் டாக்டரால் சான்றளிக்கப்பட்டவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. நாலில் மூன்று பங்குக்கு மேல் காரணமே இல்லாத மரணங்கள். இருக்கும் பங்கிலும் எத்தனையோ ‘இருதயம் நின்றது’ ரகம். புள்ளிவிவர அலுவலகத்தில் ஒவ்வொரு நோய்க்கும் சர்வதேசக் குறியீடு போடுகிறார்கள். டவுனுக்கு கியூ 90, எட்வர்ட்ஸும் பட்டாவும் கியூ 91. டாக்டர் எழுதாத பெயருக்கு குமாஸ்தா எப்படிக் குறியீடு போடுவார்? 2021-ல் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. இந்த நோய்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்ற புள்ளிவிவரமே நம்மிடம் இல்லை என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை இல்லாமல் டெல்லியில் பணம் ஒதுக்க மாட்டார்கள், எந்த நிதி அமைச்சராக இருந்தாலும் சரி.

இனி, வெளியே சொல்லாத ஒரு ஆட்சேபம். பல குடும்பங்கள் டாக்டரிடம் தாங்களே கேட்டுக்கொள்கிறார்கள், ‘அதை எழுத வேண்டாம் சார், இவளுக்குத் தங்கச்சி ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறா’ என்று. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், நம் சமூகத்தின் லட்சணம் எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவாளர் யாருக்குக் கொடுக்கும் இறப்புச் சான்றிதழிலும் காரணத்தை வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சம்பந்தி வீட்டார் முனிசிபாலிட்டிக்குப் போய் சர்டிபிகேட் வாங்கினாலும் அதில் அந்தப் பெயர் இராது. அதைவிட, ‘சொந்தத்தில் கட்டினார்கள், அதனால்தான்’ என்றும், ‘கிரகணத்தில் வெளியே வந்தாள்’ என்றும் ஊர் பேசுவதற்கு இடம் கொடுப்பது இந்த மறைப்புத்தான். சொந்தத்தில் மணம் செய்வதால் அதிகமாகும் பரம்பரை நோய்கள் வேறு. மூன்றாவது குரோமோசோம் வருவது பெரும்பாலும் கரு முட்டை உருவாகும்போது பிரிய வேண்டிய ஜோடி பிரியாமல் போவதால். தாயின் வயது ஏற ஏற அந்த வாய்ப்பு கூடும். மாமன் மகளைக் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சில குடும்பங்களில் மட்டும், ஒரு குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘டிரான்ஸ்லொகேஷன்’ என்ற வகை உண்டு. அது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருக்கக் கூடும். அப்படியானால் அந்த ‘கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சி’க்கே அது தெரிய வேண்டிய செய்தி. எந்த வகை என்று காட்டுவது கேரியோடைப் ரிப்போர்ட்தான்.

2023-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உள்ளே நடக்கும் ஒவ்வொரு மரணத்துக்கும் காரணச் சான்றிதழைப் பதிவாளருக்கு இலவசமாக அனுப்ப வேண்டும். அதன் நகல் ஒன்றை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும். நல்ல திருத்தம். ஆனால் இப்படி ஒரு நகல் தனக்குச் சேர வேண்டும் என்று தெரிந்த உறவினர் எத்தனை பேர்?

சட்டத்தில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். குழந்தை இறந்த பிறகு வரும் சோதனை ரிசல்ட், பதிவேட்டில் தானாகப் போய்ச் சேருவதற்கு வழி இல்லை. 15-ம் பிரிவின்படி பதிவாளர் பிழையைத் திருத்தலாம். யாராவது போய்க் கேட்டால்தானே? படிவம் 4-ல் ‘ரிசல்ட் வர வேண்டிய பரிசோதனை ஏதும் உண்டா’ என்று ஒரு கட்டம் சேர்த்து, வந்ததும் அனுப்பும் பொறுப்பை ஆஸ்பத்திரியின்மேல் வைக்கலாம். ஒரு கட்டம், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டம்பர் 9 முதல், மரண விசாரணை அதிகாரிக்குப் போகாத ஒவ்வொரு மரணத்தின் காரணத்தையும், வைத்தியம் பார்க்காத வேறொரு டாக்டர் சரிபார்க்கிறார், குடும்பத்தாரிடமும் பேசுகிறார். கமிஷனர் ஏற்பாடு மாதிரியே. நம் ஜனத்தொகைக்கு அது நாளைக்கே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளின் மரணத்துக்கு மட்டுமாவது பெரிய நகரங்களில் தொடங்கலாம்.

அதுவரை நாம் செய்யக் கூடியது கொஞ்சம் உண்டு. ஊரில் பிரசவம் முடிந்து திரும்பும்போது, குழந்தையின் பரிசோதனைக் காகிதங்கள் அத்தனையும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை இங்கே கொண்டுவர வேண்டும். ரிசல்ட் பாக்கி என்றால் லேபின் போன் நம்பரையும் ரசீதையும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நேரத்திலேயே அந்த நகல் கேஸ் ஷீட்டில் போய்விட வேண்டும், கடைசி நேரத்தில் யாருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது. நேரக் கூடாதது நேர்ந்துவிட்டால், பெற்றோர் அந்த நிலையில் இருக்க மாட்டார்கள். சித்தப்பாவோ மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர் டாக்டரிடம் மரியாதையாக, ‘படிவம் நாலில் மூன்று வரியும் எழுதினீர்களா சார், நகல் ஒன்று வேண்டும்’ என்று கேட்க வேண்டும்.

மராத்தியும் இங்கிலீஷும் தெரிந்த நாலைந்து ரிடையர்டு ஆசாமிகள் நம் சங்கத்தில் இருக்கிறோம். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடலாம் என்று மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், என்னையும் சேர்த்தால் நாலு. படிவம் 4-ன் வெற்று மாதிரியும், மேலே சொன்ன 15, 17-ம் பிரிவுகளின் தமிழாக்கமும் பத்துப் பிரதி எடுத்து நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை அங்கேதான் இருப்பேன். பழைய காகிதம் ஏதாவது வீட்டில் படிக்காமல் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.